மாதர் சாசனம் நமக்கும் உண்டு
(பாசிர் ரிஸ் வட்டார உறுப்பினர்களின் குடும்பக் கூட்டத்தில் மகளிர் குழு சார்பில் ஆற்றிய உரை)





பொன்விழா ஆண்டில் மகளிர் குழுவுக்கு நேரம் ஒதுக்கித் தந்ததற்கு நன்றி. "இஸ்லாமியக் குடும்பத்தில் பெண்ணின் பங்கு" என்பதுதான் எங்களுக்கு முதலில் தரப்பட்ட தலைப்பு. அந்தத் தலைப்பில் இந்தச் சங்கத்தில் நிறையப் பேசியாயிற்று. வீட்டுக்குள் விழும் அடியைப் பற்றியும், அதற்கு இந்நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்றும், அந்தச் செய்தி நம் பெண்கள் பலரிடம் ஏன் போய்ச் சேரவில்லை என்றும் பேச அனுமதி கேட்டோம். நிர்வாகிகள் மறுக்கவில்லை.

பாசிர் ரிஸ், தெம்பனிஸ் பக்கம் உறுப்பினர் வீடுகளுக்குப் போகும்போது எங்கள் காதில் அடிக்கடி விழும் பேச்சு ஒன்று உண்டு. "மாதர் சாசனமெல்லாம் மற்றவங்களுக்கு, முஸ்லிம்களுக்கு அது கிடையாது." படித்தவர்களும் இதைச் சொல்கிறார்கள். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது இத்தனை காலம் நிலைத்துவிட்டது.

மாதர் சாசனம் 1961ஆம் ஆண்டு நிறைவேறியது. ஒருவனுக்கு ஒருத்தி என்ற விதி, திருமணப் பதிவு, மணவிலக்கு ஆகியவை பற்றிய அதன் பகுதிகள் முஸ்லிம் திருமணங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. நம்முடைய நிக்காஹ், தலாக் விவகாரங்களுக்கு 1958ல் அமைந்த ஷரியா நீதிமன்றம் இருந்தது. பிறகு 1966ல் இயற்றப்பட்டு 1968ல் நடப்புக்கு வந்த முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டமும் சேர்ந்துகொண்டது. இதுவரை சரி. ஆனால் அதே சாசனத்தில் குடும்பத்தைப் பாதுகாக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. அது முஸ்லிம், முஸ்லிமல்லாதார் என்று யாரையும் பிரிப்பதில்லை. அடிபடும் எந்த மனைவியும், தாயும், ஏன், அடிபடும் கணவரும்கூட, குடும்ப நீதிமன்றத்தில் தனிநபர் பாதுகாப்பு ஆணை கேட்கலாம்.

அந்தப் பகுதி இன்றைய வடிவத்துக்கு வந்த கதையும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1995ல் நியமன நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டாக்டர் கன்வல்ஜித் சொய்ன் குடும்ப வன்முறை மசோதா ஒன்றைத் தனியாகக் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. ஆனால் அவர் கேட்டவற்றில் பலவும் 1996ல் மாதர் சாசனத் திருத்தமாக வந்து, மறு ஆண்டு நடப்புக்கு வந்தன. அண்மைத் திருத்தம் 2023ல் நிறைவேறி, 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்திருக்கிறது. உடலில் அடிப்பதோடு பாலியல் கொடுமையும், மனத்தைச் சிதைக்கும் கொடுமையும் குடும்ப வன்முறைதான் என்று இப்போது எழுத்திலேயே தெளிவாகிவிட்டது. ஆணைக்கு விண்ணப்பிக்கும் வயது 21லிருந்து 18ஆகக் குறைந்திருக்கிறது. கிட்டே வரக்கூடாது, தொடர்பு கொள்ளக்கூடாது என்றும் நீதிமன்றம் உத்தரவிடலாம்.

பாதுகாப்பு ஆணை வாங்கினால் தலாக் ஆகிவிடும் என்று பயப்படும் சகோதரிகள் இருக்கிறார்கள். ஆகாது. நிக்காஹ் அப்படியேதான் இருக்கும். ஒரே வீட்டில் தொடர்ந்து வாழவும் செய்யலாம். புருஷன் ஜெயிலுக்குப் போய்விடுவார் என்பது இன்னொரு பயம். ஆணை பிறப்பிப்பதாலேயே யாரும் சிறைக்குப் போவதில்லை. ஆணையை மீறினால்தான் அது குற்றம். வழக்கறிஞர் இல்லாமலே விண்ணப்பிக்கலாம். ஊரிலிருந்து கல்யாணமாகி வந்த பெண்ணுக்கும் இது பொருந்தும்; நீ குடிமகளா என்று இந்தச் சட்டம் கேட்பதில்லை. வருகை அனுமதி மட்டும் தனி விஷயம். கணவர் கையொப்பத்தில் இருக்கும் அனுமதி என்றால், குடும்பச் சேவை நிலையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்து சொல்லப்போவதைப் பெண்கள் மட்டும் கூடும் இடத்திலேயே சொல்லத் தயங்குவோம். ஆண்களும் இருக்கும் அவை என்பதால்தான் இங்கே சொல்கிறோம். மனைவியின் சம்மதம் இல்லாமல் அவளை வற்புறுத்துவது, கணவராக இருந்தாலும், 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் பாலியல் வல்லுறவுக் குற்றம்தான். அதற்கு முன் கணவர் என்பதற்காக ஒரு விலக்கு இருந்தது. தம்பதியர் பிரிந்து வாழ்வது, பாதுகாப்பு ஆணை இருப்பது போன்ற சில நிலைமைகளில் மட்டும் 2008 முதல் அந்த விலக்கு செல்லாமல் இருந்தது. இப்போது முழுவதும் எடுக்கப்பட்டுவிட்டது. இது தண்டனைச் சட்டம். எல்லா மதத்தாருக்கும் ஒன்றே. இந்தியாவில் 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் கணவருக்கான விலக்கு நீடிக்கிறது. ஆகவே ஊரிலிருந்து வரும் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் இங்கே சட்டம் வேறு என்பதை யாராவது சொல்லியாக வேண்டும். அந்தரங்கப் படத்தைப் பரப்புவதும், பரப்பிவிடுவேன் என்று மிரட்டுவதும் அதே நாளில்தான் இங்கே குற்றமாயின.

"இதெல்லாம் மேற்கத்தியப் பேச்சு, மார்க்கத்தில் இல்லாதது" என்று சிலர் முணுமுணுப்பது எங்களுக்குத் தெரியும். ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி) அவர்களின் செய்தி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. கணவர் அடித்ததில் உடம்பில் எங்கோ முறிவு. சுபுஹுக்குப் பிறகு அண்ணலாரிடம் (ஸல்) வந்து முறையிட்டார்கள். பொறுத்துப் போ என்று அவர்களைத் திருப்பி அனுப்பியதாக அந்த அறிவிப்பில் இல்லை. கணவரை அழைத்து, கொடுத்த மஹரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அந்தப் பெண்ணை விட்டுவிடும்படி சொன்னார்கள். நம் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்திலும் மனைவியை வழக்கமாக அடிப்பதும், அடிக்காமலே கொடுமையால் வாழ்வைத் துயரமாக்குவதும் ஃபஸஹ் கேட்பதற்குரிய காரணங்களாக எழுதப்பட்டுள்ளன.

ஷரியா நீதிமன்றமும் தானாக வந்துவிடவில்லை. 1950களில் இங்கே முஸ்லிம் திருமணங்களில் பாதிக்கு மேல் தலாக்கில் முடிந்தன. காதியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தால் போதும். கைவிடப்பட்ட பெண்ணுக்குக் கேட்க நாதியில்லை. 1952ல் பிபிஐஎஸ் என்ற முஸ்லிம் பெண்கள் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கதீஜுன் நிஸா சிராஜ் அம்மையார், இதற்கென ஒரு நீதிமன்றம் வேண்டும் என்று விடாமல் கேட்டவர். அது அமைந்த பிறகு அங்கே வரும் பெண்களின் குறைகளைக் கேட்கும் பணியையும் செய்தார். சங்கங்களால் என்ன முடியும் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வோம்.

இனி, செய்தி போய்ச் சேரும் விஷயம். தமிழ் முரசு இருக்கிறது, ஒலி 96.8 இருக்கிறது, வசந்தம் இருக்கிறது. சட்டம் மாறும்போது அவற்றில் செய்தி வரத்தான் செய்கிறது. ஆனால் அன்றைய பேப்பர் வாங்காத வீடு, தொலைக்காட்சி ரிமோட் மாமியார் கையில் இருக்கும் வீடு என்று எத்தனையோ உண்டு. தமிழில் குத்பா கேட்க வேண்டுமென்றால் இங்கிருந்து ரயிலேறி, டன்லப் ஸ்திரீட்டில் மஸ்ஜித் அப்துல் கஃபூருக்கோ சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மஸ்ஜித் ஜாமிஆ சூலியாவுக்கோ போக வேண்டும். போகிறவர்கள் ஆண்கள். கேட்டதை வீட்டில் வந்து சொல்கிறவர்கள் எத்தனை பேர் என்பதை அவரவரே எண்ணிப் பார்க்கட்டும்.

கவிஞர் சல்மாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். துவரங்குறிச்சியில் 13 வயதில் பள்ளியை நிறுத்தி வீட்டில் வைத்தார்கள். மளிகைச் சாமான் சுற்றி வந்த தாளைப் பிரித்துப் படித்தவர் அவர். இன்று நம் வீடுகளில் கைப்பேசி இல்லாத பெண் அபூர்வம். ஆனால் அந்தக் கைப்பேசி யார் பெயரில் இருக்கிறது, மறைச்சொல் யாருக்குத் தெரியும், இரவில் யார் அதை வாங்கிப் பார்க்கிறார் என்பதைக் கேட்டால் பல சகோதரிகள் பதில் சொல்லாமல் தரையைப் பார்க்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கு வாட்ஸ்அப்பில் உதவி எண் அனுப்புவது ஆபத்து. அதனால்தான் எங்கள் குழுவில் அந்த எண்ணை அனுப்புவதில்லை, நேரில் சொல்கிறோம்.

"பேப்பரில் பெயர் வந்து மானம் போய்விடும்" என்பதையும் பேசிவிடுவோம். பாலியல் குற்ற வழக்கில் புகார் கொடுத்தவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக்கூடாது என்பது 2018 முதல் சட்டத்திலேயே இருக்கிறது. தனியாகக் கேட்டு வாங்க வேண்டியதில்லை. உண்மையில் பெயரைப் பரப்புவது பத்திரிகை அல்ல. விருந்து வீட்டில் பிரியாணி பரிமாறும்போதே கதை நாலு புளோக் தாண்டிவிடுகிறது.

நிர்வாகக் குழுவிடம் மூன்று வேண்டுகோள்கள். நிக்காஹ் முடிந்த புதுத் தம்பதிக்குச் சங்கம் தரும் அன்பளிப்புப் பையில் இந்தச் சட்டங்களைப் பற்றிய ஒரு தாள், எளிய தமிழில், இருவருக்கும் தனித்தனியாக வைக்க வேண்டும். குடும்பச் சண்டை சமரசத்துக்கு வரும்போது, அடி விழுந்ததா என்பதை அந்தப் பெண்ணிடம் ஒரு பெண் தனியே கேட்ட பிறகுதான் பெரியவர்கள் பேச்சைத் தொடங்க வேண்டும். அடி விழுந்திருந்தால் அது சமரசத்துக்குரிய வழக்கல்ல. அதற்கென்று பயிற்சி பெற்றவர்களிடம் போக வேண்டும். பேவ் போன்ற நிலையங்கள் இருக்கின்றன. தங்க இடமில்லாத பெண்ணுக்கு, நம் சமூகத்தார் முன்னின்று தொடங்கி எல்லாரையும் ஏற்றுக்கொள்ளும் காசா ரவ்தா போன்ற இல்லங்கள் இருக்கின்றன. மூன்றாவது, அடுத்த பயான் நிகழ்ச்சியில் ஆலிம் ஒருவர் ஆண்களுக்கு இதைப் பற்றிப் பேச வேண்டும். நாங்கள் பேசுவதைவிட அவர் சொன்னால் கேட்பார்கள். கேட்க வேண்டிய சிலர் இன்று வரவில்லை என்பதையும் பார்க்கிறோம்.

சகோதரிகளே, தேசிய வன்முறை எதிர்ப்பு, பாலியல் துன்புறுத்தல் உதவி எண் 1800-777-0000. இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள். உடனடி ஆபத்து என்றால் 999. யாரும் இப்போது எழுதிக்கொள்ள வேண்டாம். பெண்கள் கழிவறைக் கதவுகளின் உட்புறத்தில் சிறு துண்டுச்சீட்டுகளாக ஒட்டியிருக்கிறோம். கிழித்து எடுத்துக்கொள்ளலாம், தனக்கு வேண்டாதவர்கள் வேறு யாருக்காவது எடுத்துப் போகலாம். தீர்ந்துவிட்டால் புதிதாக ஒட்ட, சாப்பாடு முடியும் வரை எங்களில் இருவர் அங்கே இருப்போம்.