அன்னாசிப்பூவும் ஃப்ளூ மாத்திரையும்

(உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜலதோஷம், ஜுரம் என்றால் டில்லியானாலும் மும்பையானாலும் நம் அகங்களில் சுக்கு, மிளகு, திப்பிலி அடுப்பேறிவிடும். தொண்டைக்கு இதம்தான், சந்தேகமில்லை. ஆனால் இன்ஃப்ளூயன்ஸா வைரஸை அது அடக்குமா?

தாவரத்திலிருந்து ஃப்ளூவுக்கு மருந்து வந்ததுண்டா என்றால், உண்டு. மசாலா சாமான்களில் நட்சத்திர வடிவில் இருக்குமே, அந்த அன்னாசிப்பூ தென் சீனாவிலும் வட வியட்நாமிலும் விளைகிறது. அதிலுள்ள ஷிகிமிக் அமிலத்தை மூலப்பொருளாக வைத்து, பல ரசாயனப் படிகளைக் கடந்து தயாரானதே ஒசெல்டாமிவிர். 'டாமிஃப்ளூ' என்ற பெயரில் 1999-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2005-இல் பறவைக் காய்ச்சல் பீதியில் பல நாடுகள் இதை வாங்கிச் சேமிக்க, அன்னாசிப்பூவுக்கே கிராக்கி வந்துவிட்டது. பாக்டீரியாவைக் கொண்டு நொதிக்கவைத்தும் இந்த அமிலத்தைத் தயாரிக்கிறார்கள்.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். உடம்பின் செல்லுக்குள் பெருகும் வைரஸ், நியூராமினிடேஸ் என்ற என்ஸைமின் உதவியால்தான் கட்டறுத்துக்கொண்டு வெளியே பரவுகிறது. அந்த என்ஸைமை முடக்குவது மாத்திரை. அன்னாசிப்பூவைக் கொதிக்கவைத்துக் குடித்தால் அந்த வேலை நடக்காது. போதாததற்கு, பார்வைக்கு இதைப் போலவே இருக்கும் ஜப்பானிய வகை விஷமுள்ளது.

அதிமதுரத்தையும் சொல்ல வேண்டும். அதிலுள்ள கிளைசிரைசின் ஆய்வுக்கூடத்தில் வைரஸ் பெருகுவதைக் குறைத்திருக்கிறது. ஆனால் ஆய்வுக்கூடத் தட்டில் நடப்பதெல்லாம் மனித உடம்பில் நடந்துவிடாது. அதிமதுரத்தை நாள்தோறும் நிறையச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஆகவே கஷாயத்தை விடச் சொல்லவில்லை. அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம் என்றே சொல்கிறேன். ஃப்ளூ மாத்திரையை 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். வயதானவர்கள், சர்க்கரை வியாதி, ஆஸ்துமா உள்ளவர்கள் வருஷா வருஷம் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

நம்மில் பலர் வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் தனியே. பக்கத்து ஃப்ளாட் மாமாவுக்கு ஜுரம் என்றால் மிளகு ரசத்தோடு ஒரு ஆட்டோவையும் அழைத்துக்கொண்டு போங்கள். இரண்டாம் நாளே டாக்டரிடம் காட்டுவது பெரிய உபகாரம்.