கொண்டலும் மழைமானியும்

முகில், எழிலி, கார், மஞ்சு, கொண்டல் என மேகத்திற்குத் தமிழில் பெயர்கள் பல. இவற்றுள் கொண்டல் என்னும் சொல் கீழ்க்காற்றையும் குறிக்கும். அதன் பொருத்தம் அருவங்காட்டில் நின்றால் விளங்கும்.

ஆடியில் கூடலூரும் தேவாலாவும் நனைந்து கிடக்க, அருவங்காட்டிற்குக் கிட்டுவது பெரும்பாலும் சாரலே. 2,637 மீட்டர் உயர்ந்த தொட்டபெட்டா தென்மேற்குப் பருவக்காற்றின் நீரை மேற்கிலேயே வாங்கிக்கொள்கிறது. குன்னூர்ப் பக்கத்திற்குப் பெருமழை, ஐப்பசி கார்த்திகையில் கிழக்கிலிருந்து மலையேறி வரும் கொண்டல்தான். சரிவிலுள்ள காய்கறிப் பாத்திகள் அதற்கு ஏங்கும், குடியிருப்புகள் அஞ்சும்.

அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. 2009 நவம்பர் 10ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், அடுத்த ரயில் நிலையமான கேத்தியில் 820 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. 1 மில்லிமீட்டர் என்பது 1 சதுர மீட்டர் நிலத்தில் 1 லிட்டர் நீர். அஃதாவது, ஒரு பாய் விரிக்கும் இடத்தில் ஆயிரம் லிட்டருக்கு மேல்! மண் சரிந்தது, மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

நீலகிரிக் கவிதைகளிலோ மஞ்சு தவழாத வரி அரிது. கொண்டல் வருவது அதனினும் அரிது. காலை 8.30 மணிக்கு மழைமானி நீரை அளந்து ஏட்டில் குறிப்பவர், மேகத்தைக் கவிஞரினும் கூர்ந்து நோக்குகிறார் என்றால் இவ்வவை சினவாது. வட்டத்துக் கவிஞர்கள் ஒரு பருவமேனும் அவ்வேட்டை எழுதிப் பார்க்கலாம்.