பழைய வீடும் பொருள் வரைதலும்

(அட்சய திருதியை விழா அரங்கில் ஆற்றிய உரை)

 

விருஷபதேவர் நெடுநாள் உண்ணாநோன்பிற்குப் பின் சிரேயாம்ச மன்னனிடம் கருப்பஞ்சாறு ஏற்ற திருநாள் இது. இந்நாளில் தானத்தைப் பற்றிப் பேசுவதே வழக்கம். என்னையோ வீடு பழுதுபார்க்கும் செலவைப் பற்றிப் பேசுமாறு விழாக்குழுவினர் பணித்தார்கள். நம் பிள்ளைகள் பலர் நகரங்களில் பொருளீட்டி, ஊர்ப்பக்கம் பழைய வீடுகளை வாங்கிச் செப்பனிட்டு வாடகைக்கு விட விரும்புகிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் என்றார்கள். திருநாளுக்குப் பொருந்தாத பொருளோ என்று முதலில் தயங்கினேன். பின்னர், உலகோர் வாழ ஆதிநாதர் வகுத்தருளிய அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிபம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களில் வீடு கட்டுதலும் சிற்பத்துள் அடங்கும் என்பதை எண்ணித் தெளிந்தேன். அறம் தவறாமல் செய்வது எப்படி என்பதே கேள்வி.

இராசபாளையத்தில் பல்லாண்டுகள் தமிழாசிரியையாகப் பணியாற்றினேன். ஓய்வுபெற்ற பின், 2024-ஆம் ஆண்டில், என் பணிக்கொடையைக் கொண்டு திருவில்லிபுத்தூரில் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர்தான். இராசபாளையம் நூற்பாலைகளும் மருத்துவக் கட்டுத்துணி நெசவும் நிறைந்த தொழிலூர். திருவில்லிபுத்தூரோ ஆண்டாள் கோயிலாலும் பால்கோவாவாலும் பெயர்பெற்றது. மாவட்ட நீதிமன்றமும் அங்கேதான் உள்ளது. அலுவலகப் பணியாளர்கள் வாடகைக்கு வருவார்கள் என்று எண்ணியே அவ்வூரைத் தேர்ந்தோம்.

வீட்டின் பரப்பு எட்டுச் சதுரம், அதாவது 800 சதுர அடி. முன்பாதி, தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையிட்ட பழைய மெட்ராஸ் தளம், பின்பாதி ஓட்டுக்கூரை. விலை 18 இலட்சம் ரூபாய். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடுமாக 1,62,000 ரூபாய். வீட்டைச் சுற்றிப் பார்த்த மேஸ்திரி ஒருவர், “மூன்று இலட்சத்தில் முடித்துவிடலாம் அம்மா” என்றார். அந்த ஒரு சொல்லையே மதிப்பீடாகக் கொண்டேன். வேலை முடிந்தபோது செலவு 5,40,000 ரூபாய்.

கூடுதலான 2,40,000 ரூபாய் எங்கே போயிற்று என்பதை என் குறிப்பேட்டிலிருந்து சொல்கிறேன். சுவருக்குள் பதிந்திருந்த உத்திர முனைகள் மூன்று உளுத்துப் போயிருந்தன; அவற்றை மாற்ற 95,000. மின்கம்பிகள் முழுவதையும் மாற்ற 48,000. ஓதம் ஏறிய சுவர்ப்பூச்சை நான்கடி உயரம் கொத்தியெடுத்து மீண்டும் பூச 42,000. கழிவுநீர்க் குழாயையும் தொட்டியையும் சீராக்க 35,000. இடிபாட்டை அள்ளி அகற்ற 20,000. இவற்றுள் எதுவும் மேஸ்திரியின் வாய்க்கணக்கில் இல்லை. அவரை நான் குறைசொல்ல மாட்டேன். பார்வைக்குத் தெரிந்ததற்கு அவர் விலை சொன்னார். தெரியாததைக் கேட்காதது என் பிழை.

திருக்குறளில் தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்தை எத்தனையோ ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு செயலில் இறங்குமுன் அழிவது எது, ஆவது எது, பின்னர் மிஞ்சும் ஊதியம் எது என மூன்றையும் எண்ண வேண்டும் என்பதை மாணவர்களுக்கு விளக்கிய நானே, என் பணத்தைப் போடும்போது முதல் இரண்டையும் அரைகுறையாக எண்ணி, மூன்றாவதை மறந்தேன்.

ஆகவே நான் பட்டறிந்த முறையைக் கேளுங்கள். முதலாவதாக, வீட்டை ஐப்பசி, கார்த்திகையில் பாருங்கள். சித்திரையில் உலர்ந்து அழகாக நிற்கும் சுவர், வடகிழக்குப் பருவமழையில்தான் தன் உண்மையைச் சொல்லும். உத்திரம் சுவரைத் தொடும் இடத்தைத் தட்டிப் பாருங்கள். கட்டை உறுதியாக இருந்தால் ஓசை கணீரென இருக்கும், உளுத்திருந்தால் மந்தமாக இருக்கும். சுண்ணாம்புச் சாந்தால் எழுந்த பழஞ்சுவரின்மேல் சிமெண்ட் பூச்சு இட்டிருந்தால் எச்சரிக்கை கொள்ளுங்கள். தரையிலிருந்து சுவருக்குள் ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே வெளியேறிவிடும். சிமெண்ட் பூச்சு அதை உள்ளேயே அடைத்துவைக்கும். எங்கள் வீட்டில் ஓதம் மிகுந்ததற்கு அதுவே காரணம்.

இரண்டாவதாக, ‘சதுரத்துக்கு இவ்வளவு’ என்னும் பேச்சைப் பழைய வீட்டிற்கு ஏற்காதீர்கள். அது புதுக்கட்டடத்துக்கு உரியது. கூரை, சுவர், தரை, கதவு சன்னல், மின்சாரம், குடிநீர், கழிவுநீர், வண்ணம், குப்பை அகற்றல் என ஒன்பது தலைப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அளவு, பொருள், கூலி மூன்றையும் எழுதி வாங்குங்கள். அளவு தெரிந்தால் பொருளை நாமே சரிபார்க்கலாம். 100 சதுர அடிச் சுவருக்கு, அரை அங்குலக் கனத்தில், ஒன்றுக்கு ஐந்து என்ற கலவையில் பூச, ஏறத்தாழ ஒரு மூட்டை சிமெண்டும் ஐந்து கன அடிக்குச் சற்றுக் கூடுதலான மணலும் போதும். ஒரு யூனிட் மணல் என்பது 100 கன அடி. வண்டியின் நீளம், அகலம், மணலின் உயரம் ஆகியவற்றை அளந்து பெருக்கினால் தெரிந்துவிடும். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும்.

மூன்றாவதாக, எழுதிய தொகைக்கு மேல் நான்கில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்குங்கள். அந்தப் பங்கு கையில் இல்லையெனில் வீட்டை வாங்காதீர்கள். ஒப்பந்தத் தொகையை வேலை முடிய முடியத் தவணையாகக் கொடுங்கள். ஆனால் கூலியாட்களின் கூலியை அன்றன்றே கொடுத்துவிடுங்கள். இரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். வாடகை வருமானத்துக்கு வரி கணக்கிடும்போது, நகராட்சி வரி போக மிஞ்சியதில் 30 விழுக்காடு கழிவு தருகிறார்கள். பழுதுபார்த்த செலவைத் தனியே கழிக்க இயலாது. ஆனால் வீட்டை விற்கும்போது, மேம்பாட்டுச் செலவைக் காட்ட அந்த இரசீதுகள்தாம் துணை.

இனி மிஞ்சும் ஊதியத்துக்கு வருகிறேன். எங்கள் முதல் 18 இலட்சம், 1,62,000, 5,40,000 ஆகிய மூன்றும் சேர்ந்து 25,02,000 ரூபாய். மாத வாடகை 7,000; ஆண்டுக்கு 84,000. வீட்டுவரியும் ஆண்டுப் பராமரிப்பும் 14,000 போக 70,000. ஆண்டில் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் 63,000. குடம் குடமாகப் பாலை ஊற்றிக் காய்ச்சினாலும் சுண்டியபின் கிண்டியெடுக்கும் பால்கோவா சிறிதுதானே! நூற்றுக்கு இரண்டரை ரூபாய் வருமானம் இது. அதே தொகையை 2024-இல் 8.2 விழுக்காடு வட்டி தந்த அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இட்டிருந்தால் ஆண்டுக்கு இரண்டு இலட்சத்துக்கு மேல் வந்திருக்கும். நிலத்தின் மதிப்பு உயரக்கூடும் என்பார்கள். உயரலாம். ஆனால் உயர்ந்தபின்தான் அதை வரவில் எழுத முடியும். நான் கூடுதலாகச் செலவிட்ட தொகையை மீட்கவே ஏறத்தாழ மூன்றரை ஆண்டு வாடகை வேண்டும்.

அன்பர்களே, இதுவரை சொன்னது எந்த ஊராருக்கும் பொருந்தும். இனிச் சொல்வது நமக்கென்றே உரியது.

வேலை நடக்கும்போது பாதி விலைக்கு மணல் தருவதாக ஒருவர் வந்தார். வண்டி இரவில்தான் வரும் என்றார். பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டினால் தீர்வை மிச்சமாகும் என்று வேறொருவர் முன்பே சொல்லியிருந்தார். ஓதச் சுவரின்மேல் வண்ணம் பூசி மழைக்குமுன் விற்றுவிட்டால் இலாபத்தோடு வெளியேறலாம் என்றார் ஒரு தரகர். செலவு கைமீறிய அந்த நாட்களில், மூன்றாவது யோசனை ஓரிரவு என்னை உறங்கவிடவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

மறுநாள் தத்துவார்த்த சூத்திரத்தில் கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களைப் புரட்டினேன். திருட்டுப் பொருளை வாங்குதல், அரச நெறியை மீறுதல், அளவை குறைத்தல் கூட்டுதல், நல்லதைப் போலக் காட்டிப் போலியை விற்றல் ஆகியவை அங்கே வரிசையாக நிற்கின்றன. என்னிடம் சொல்லப்பட்ட சிக்கன வழிகள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன! குடிவந்தவரிடம் ஓதம் இருந்த இடத்தையும் செய்த வேலையையும் சொல்லித்தான் சாவியைக் கொடுத்தோம். எதிர்பார்த்த 8,000 வாடகை 7,000 ஆனது அதனால்தான். அந்த ஆயிரம் ரூபாயை நான் நட்டமாக எழுதவில்லை.

வீட்டைப் பழுதுபார்ப்பதில் உயிர்க்கேடு அறவே இல்லாமல் போகாது. இல்லறத்தாருக்கு ஆரம்ப இம்சை தவிர்க்க இயலாதது. வேண்டுமென்றே செய்யும் சங்கற்ப இம்சையோ தவிர்க்க வேண்டியது. ஓட்டுக்கூரையின் அடியில் சிட்டுக்குருவிக் கூடு ஒன்றிருந்தது. குஞ்சுகள் பறக்கும்வரை அந்த அறையின் வேலையை நிறுத்திவைத்தோம். காத்திருக்கும் நாட்களுக்கும் சேர்த்தே நம்மவர் மதிப்பீடு எழுத வேண்டும்.

இறுதியாக ஒன்று. பொருள் வரைதல் என்னும் அணுவிரதத்தின் அதிசாரங்களைச் சொல்லும் இடத்தில், நிலமும் வீடுமே முதலில் வைக்கப்பட்டுள்ளன. பொன்னுக்கும் தானியத்துக்கும் முன்னே அவை நிற்பது ஏன் என்பதை அந்த ஆறு மாதங்களில் உணர்ந்தேன். ஒரு வீட்டைக் காக்க இன்னொன்றை விற்கும் நிலை வரும், கடன் வரும், கோபம் வரும், சாமாயிகத்தில் அமர்ந்தால் சிமெண்ட் விலை நினைவுக்கு வரும். முதல் மதிப்பீடு மேஸ்திரி எழுதுவதன்று. ‘எனக்கு எவ்வளவு போதும்?’ என்று நாமே எழுதிக்கொள்ளும் வரம்புதான் முதல் மதிப்பீடு. அதை எழுதியபின் வீட்டைப் பார்க்கப் போங்கள்.

எங்கள் வரம்பை அண்மையில் எழுதினோம். வாழும் வீடு ஒன்று, வாடகை வீடு ஒன்று. அதற்கு மேல் வேண்டா. வாடகையில் ஆண்டுக்கு ஒரு மாதத் தொகை சாத்திர தானத்துக்கு.

இராசபாளையத்திலிருந்து தொலைவில்லாத கழுகுமலையில் தீர்த்தங்கரர் திருமேனிகளைச் செய்வித்தவர்களின் ஊரும் பெயரும் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அவை நிற்கின்றன. அவர்கள் வாழ்ந்த வீடுகள் இன்று இல்லை. கொடுத்தது நின்றது. நாமும் கணக்கறிந்து ஈட்டுவோம், வரம்பறிந்து வைப்போம், மனமறிந்து கொடுப்போம்.