காலி செய்ய எத்தனை நாள்?



நினைவுச் சொற்பொழிவு என்றால் இலக்கியத்தையோ அரசியலையோ பேசுவதுதான் இந்த மேடையின் வழக்கம். இந்த ஆண்டு வாடகை வீட்டைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் ஏற்பாட்டுத் தோழர்கள் சிலர் சிரித்தார்கள். யாருடைய நினைவில் கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழர் சிரித்திருக்க மாட்டார். அவர் சேர்த்த புத்தகங்களில் பாதி வீடு மாறும்போது மூட்டையிலேயே நனைந்தும் எடைக்குப் போயும் தொலைந்தவை என்பது இங்கே உள்ள மூத்தவர்களுக்குத் தெரியும்.

வீட்டு உரிமையாளர்கள் நான்குபேர் சேர்ந்தால் ஒரு புலம்பலைக் கேட்கலாம். "வாடகைக்கு விட்டா அவ்வளவுதான் சார், கிளப்பறதுக்குள்ள பத்து வருஷம் ஆயிடும்." இந்தப் புலம்பலைப் பொய்யென்று ஒதுக்கிவிட முடியாது. வாடகைதாரரைச் சட்டப்படி வெளியேற்றுவது இந்த நாட்டில் நீண்டகால வேலைதான். ஆனால் அந்தப் பத்து வருஷம் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குப் பத்து நாள்கூடக் கிடைப்பதில்லை என்பதைத்தான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தப் பத்து வருஷம் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நகரங்களில் வீட்டுப் பஞ்சம் வந்தது. அதையொட்டி வாடகைக் கட்டுப்பாடு வந்தது. சென்னை மாகாணத்தில் 1946இலும் 1949இலும் சட்டங்கள் வந்தன. பிறகு வந்த 1960ஆம் ஆண்டுக் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நம் நகரங்களை ஆண்டது. அதன்படி உரிமையாளர் நினைத்த மாத்திரத்தில் ஒருவரைக் காலி செய்யச் சொல்ல முடியாது. வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தது, உள்வாடகைக்கு விட்டது, சொந்தத் தேவை, இடித்துக் கட்டுவது என்று சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். சென்னையில் சிறுவழக்கு நீதிமன்றம், வெளியூர்களில் மாவட்ட முன்சீப். அங்கே தோற்றவர் மேல்முறையீட்டுக்குப் போவார். அதிலும் தோற்றால் உயர்நீதிமன்றத்தில் சீராய்வு மனு. எல்லாம் முடிந்து உரிமையாளர் ஜெயித்தாலும் சாவி கைக்கு வராது. நிறைவேற்று மனு போட வேண்டும், அமீனா வர வேண்டும், பூட்டை உடைக்கப் போலீஸ் பாதுகாப்பு கேட்டு இன்னொரு மனு. நடுவில் யாராவது இறந்துபோனால் வாரிசுகளைச் சேர்க்கவே இரண்டு மூன்று வாய்தா போகும். 'வேண்டுமென்றே' வைத்த பாக்கி என்றால் என்ன என்ற ஒரு சொல்லுக்காக உச்சநீதிமன்றம் வரை போய் 1985இல் ஒரு பெரிய தீர்ப்பே வந்தது. அதைக் கொண்டுபோனவை நம் மாநிலத்துச் சட்டத்தின் கீழ் எழுந்த வழக்குகள்.

இந்தத் தாமதத்தை நாம் வெறுக்க வேண்டியதில்லை. வாடகைக்கு இருப்பவனுக்குக் காலம்தான் காப்பு. பிள்ளையின் பரீட்சை முடியும்வரை, வேறு வீடு கிடைக்கும்வரை, உரிமையாளரின் கோபம் ஆறும்வரை அவன் நிற்க ஒரு இடம் வேண்டும். கேள்வியெல்லாம் அந்தக் காப்பு யாருடைய தலைக்கு மேல் விரிந்தது என்பதுதான்.

அந்தச் சட்டத்தைப் பயன்படுத்த என்னென்ன தேவைப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். வாடகை ரசீது வேண்டும். உரிமையாளர் வாடகை வாங்க மறுத்தால், எந்த வங்கியில் கட்டுவது என்று கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும், மணியார்டர் செய்ய வேண்டும், கடைசியில் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி முன் டெபாசிட் கட்ட வேண்டும். இதையெல்லாம் அறிந்த வக்கீல் வேண்டும், அவருக்குக் கொடுக்கப் பணம் வேண்டும், வாய்தாவுக்குப் போக வேலையில் லீவு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வழக்கு நடக்கும் பத்து வருஷமும் அதே தெருவில் தலைநிமிர்ந்து குடியிருக்கும் துணிச்சல் வேண்டும். கடைவீதியில் மூன்று தலைமுறையாகப் பழைய வாடகையில் கடை வைத்திருப்பவருக்கு இவை எல்லாம் இருந்தன. பத்து மாத அட்வான்ஸைக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு, சாதியை மறைத்துக் குடியேறியவருக்கு எது இருந்தது?

1917இல் பரோடாவில் நடந்ததை அண்ணல் அம்பேத்கர் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்த மனிதருக்கு ஊரில் தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், ஒரு கூட்டம் தடிகளோடு வந்து அறைவாசலில் நின்றது. ஒரு வாரம் அவகாசம் கேட்டார், கிடைக்கவில்லை. அன்று மாலைக்குள் போய்விட வேண்டும் என்றார்கள். இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். அந்த வெளியேற்றத்துக்கு நோட்டீஸ் இல்லை, மனு இல்லை, அமீனா இல்லை. ஆன நேரம் ஒரு பகல்.

நூறு ஆண்டுக்குப் பிறகு தடியைக் கொண்டுவருவதில்லை. எங்கள் தோழர் ஒருவர், பள்ளி ஆசிரியர், ஒரு நகரத்தில் மாடி வீட்டில் குடியிருந்தார். முதல் மாதம் முழுக்க வீட்டுக்காரம்மா நன்றாகத்தான் பழகினார். ஊர் எது, எந்தத் தெரு, குலசாமி எது, கவிச்சி சாப்பிடுவீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். நம்மில் வாடகை வீடு தேடியவர்கள் அனைவருக்கும் இந்தக் கேள்வித்தாள் மனப்பாடம். ஏப்ரல் 14 அன்று நாட்காட்டிப் படம் ஒன்றுக்கு மாலை போட்டதை யாரோ பார்த்துவிட்டார்கள். "தம்பி, ஊர்லேருந்து எங்க பொண்ணு வர்றா, வீடு வேணும்" என்றார்கள். மறுநாளிலிருந்து மோட்டார் போடுவதில்லை. மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. மனைவி குடத்தோடு தெருக்குழாய்க்குப் போனார். பதினாறாம் நாள் சாமான்களைக் குட்டியானையில் ஏற்றினார்கள். அட்வான்ஸில் வெள்ளையடிக்க என்று பிடித்ததுபோக மீதி வந்தது. மகள் வந்தாளா என்று நாங்கள் விசாரிக்கவில்லை.

தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி ஒருவரை வெளியேற்றக்கூடாது என்று பழைய சட்டமும் சொன்னது, புதிய சட்டமும் சொல்கிறது. அந்த ஆசிரியருக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் மனுப் போட்டால் அடுத்த வீடு எப்படிக் கிடைக்கும் என்றார். ஊரில் உள்ள வீட்டு புரோக்கர்கள் மூன்றுபேர்தான்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நம்மிலும் வீட்டுக்காரர்கள் உண்டு. ரயில்வேயிலோ மின்வாரியத்திலோ ஓய்வுபெற்று, வந்த பணத்தில் சாலையோரம் ஒரு கடை கட்டி வாடகைக்கு விட்ட பெரியவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரை எங்களுக்கு நன்றாகத் தெரியும். குடிவந்தவர் ஆதிக்கச் சாதிக்காரர். ஓராண்டு ஒழுங்காகக் கொடுத்தார். பிறகு, "உனக்கெல்லாம் நான் வாடகை குடுக்கணுமா" என்று கேட்கவில்லை, அந்தக் கேள்வியின்படி நடந்துகொண்டார். பெரியவர் வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு வரவில்லை, ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆனது. பிறகு வந்து அதை ரத்து செய்ய மனுப் போட்டார்கள். வாடகை பாக்கியைக் கட்டச் சொல்லி உத்தரவு, கொஞ்சம் கட்டினார்கள். மேல்முறையீடு. பெரியவரின் மனைவி இறந்தார், பெரியவரும் படுக்கையில் விழுந்தார். ஒன்பதாம் ஆண்டில் அவருடைய மகன் பாதிப் பாக்கியை விட்டுக்கொடுத்து, காலி செய்வதற்காக எதிராளிக்கே பணமும் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார். வீட்டு உரிமையாளர் சங்கத்தார் சொல்லும் பத்து வருஷக் கதை, அட்சரம் பிசகாமல் இவருடைய கதையும்தான். ஆனால் எந்தச் சங்கமும் இவரைக் கூப்பிட்டுப் பேசவைக்கவில்லை. அதே கடையில் ஒரு தலித் இளைஞர் வாடகை பாக்கி வைத்திருந்தால் எத்தனை நாள் இருந்திருப்பார் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறோம்.

இந்த நிலையில்தான் புதிய சட்டம் வந்தது. 2017இல் நிறைவேறி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம். அதற்குப்பின் ஒன்றிய அரசு 2021இல் ஒரு மாதிரி வாடகைச் சட்டம் வெளியிட்டு, வழக்குகளை 60 நாட்களில் முடிக்க முயல வேண்டும் என்று எழுதியது. வேகம்தான் இந்தத் தலைமுறைச் சட்டங்களின் தாரக மந்திரம். நம் மாநிலச் சட்டப்படி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி வாடகை அதிகாரியாக இருப்பார், அதற்கு மேல் வாடகை நீதிமன்றம், தீர்ப்பாயம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் என்பது நாமே கேட்டிருக்க வேண்டிய ஒன்று.

ஆனால் 21ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். வாடகைதாரரை வெளியேற்றுவதற்கான காரணங்களில் முதலாவதாக நிற்பது, இரு தரப்பும் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியது. ஒப்பந்தம் போட மறுப்பவர் பெரும்பாலும் உரிமையாளர். வரி, முத்திரைத்தாள், பிறகு காலி செய்யவைக்கும் வசதி என்று அவருக்குக் காரணங்கள் உண்டு. நாம் கேட்டால், "நம்பிக்கை இல்லையா உனக்கு" என்பார். அவர் எழுத மறுத்த ஒப்பந்தம் இல்லை என்பதே நம்மை வெளியே அனுப்பும் காரணமாக முடியும். முந்தைய சட்டத்தில் வாய்மொழி வாடகைதாரருக்கும் இருந்த நிழல் இதில் இல்லை. மாணவர்கள் இந்தப் பிரிவைப் பாடமாகப் படித்தாக வேண்டும்.

இதுவரை பேசியது வாடகை கொடுப்பவர்களைப் பற்றி. வாடகைதாரர் என்ற பெயர்கூட இல்லாதவர்களின் கணக்கு வேறு. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் நோட்டீஸ் கொடுப்பதும் விசாரிப்பதும் வெளியேற்றுவதும் வருவாய்த்துறையே. 1971ஆம் ஆண்டின் குடிசைப்பகுதிச் சட்டம், உரிய அதிகாரியின் அனுமதியில்லாமல் வெளியேற்ற நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று சொல்வது உண்மை. ஆனால் அது அரசு அறிவித்த குடிசைப்பகுதிக்குத்தான். அறிவிக்கப்படாத சேரிக்கு அந்த வரி பொருந்தாது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலும் கூவக்கரையிலும் எத்தனை தெருக்கள் பெரும்பாக்கத்துக்குப் போயின என்பதைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் இடிப்பு நடக்கும்போதே ஒரு பெரியவர் தீக்குளித்து இறந்தார். பொக்லைன் ஒரு காலையில் செய்வதை எந்த முன்சீப் கோர்ட்டும் எந்த ஆண்டிலும் செய்ததில்லை.

கிராமத்திலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. கீழத்தஞ்சையில் பண்ணையாட்களின் குடிசை நின்ற மண் மிராசுதாருடையது. கூலி கேட்டால் வேலையும் போகும், வீடும் போகும். இரண்டும் ஒரே கையில் இருந்தன. கொடி பிடித்த மக்கள் போராடியதால்தான் 1961இல் குடியிருப்பு மனைகளிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டமும், 1971இல் அந்த மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் சட்டமும் வந்தன. இடையில் 1968இல் வெண்மணி. வெளியேற்றத்தைத் தடுக்கும் சட்டம் இந்த மண்ணில் யாருக்காக, என்ன விலைக்கு வந்தது என்பதை நகரத்து வாடகைச் சட்டம் பேசும் வக்கீல்கள் மறந்துவிடுகிறார்கள். (சமூகவியல் பாடத்திட்டமும்தான். முதுகலை இரண்டு ஆண்டில் 'குடியிருப்பு' என்ற இந்தச் சொல்லை நாங்கள் ஒருமுறையும் கேட்டதில்லை.)

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினரை வீட்டையோ ஊரையோ விட்டுப்போகச் செய்வது குற்றம் என்று 1989ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது, 2015 திருத்தத்திலும் தொடர்கிறது. ஆனால் திருத்தத்தில் அந்தப் பிரிவுக்கு ஒரு வால் உண்டு. பொதுக் கடமையை நிறைவேற்ற எடுக்கும் நடவடிக்கைக்கு இது பொருந்தாதாம். பொக்லைன் வருவது அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான். வீடு கொடுக்கவே மறுப்பது பற்றியோ நேரடியாக ஒரு வரி இல்லை. அரசியல் சட்டத்தின் 15(2) கடை, உணவகம், கிணறு, குளம் வரை சொல்லும், வாடகை வீட்டு வாசலில் நின்றுவிடும். ஒரு குறிப்பிட்ட சமயத்தாருக்கு மட்டுமே என்று கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் விதி வைத்துக்கொள்வதை 2005இல் உச்சநீதிமன்றமே ஏற்றது.

ஆகவே வழக்கை விரைவாக முடி என்று யார் கேட்டாலும் நாம் உடனே தலையாட்டக் கூடாது. அந்த ரயில்வே பெரியவருக்கு வேகம் வேண்டும், அந்த ஆசிரியருக்கு அவகாசம் வேண்டும். இருவரும் நம்மவர்கள். வேலையில்லாமல் வழக்கை இழுப்பவனையும், போக இடமில்லாமல் நிற்பவனையும் ஒரே கடிகாரத்தால் அளக்கும் சட்டத்தை நாம் ஏற்க முடியாது. ஒப்பந்தம் இல்லாததற்கு வாடகைதாரரைத் தண்டிக்கும் பிரிவு போக வேண்டும். சாதி கேட்டு வீடு மறுப்பதும், சாதி தெரிந்து காலி செய்யச் சொல்வதும் தண்டனைக்குரியவை என்று வெளிப்படையாக எழுதப்பட வேண்டும்.

இதைக் கேட்கப் போனால் அதிகாரிகள் முதலில் கேட்பது ஆதாரம். நீதிமன்றத்தில் நடக்கும் வெளியேற்றத்துக்கு வழக்கு எண் உண்டு, வாய்தாத் தேதி உண்டு, எத்தனை வருஷம் என்று கூட்டிச் சொல்லலாம். நம்முடையதற்கு எதுவும் இல்லை. எனவே அரங்க வாசலில் உள்ள மேசையில் ஒரு நீளநோட்டு வைத்திருக்கிறோம். பெயர் எழுத வேண்டாம், வீட்டுக்காரர் பெயரும் வேண்டாம். எந்த ஊர், குடியேறிய தேதி, காலி செய்யச் சொன்ன தேதி, சொன்ன காரணம், சாமான் ஏற்றிய தேதி, அட்வான்ஸில் பிடித்தது எவ்வளவு, ரசீது இருந்ததா. விடுதி மாணவர்கள் தங்கள் பெற்றோரிடமும் கேட்டு எழுதி வாருங்கள். பேனா நூலில் கட்டியிருக்கிறது, யாரும் எடுத்துப்போக வேண்டாம்.