ஒன்பது கிராம் உப்பு

(இரும்பையில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் கணிதப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் பிள்ளைகள் நம்மிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த குரூப் எடுக்கட்டும் சார்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு நான் அரைகுறையாகச் சொன்ன ஒரு பதிலைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி. அவள் அப்பா மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர். மருந்தாளுநர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. ஆனால் கணக்கு என்றால் பயம். "அப்படின்னா கணக்கு இல்லாத குரூப்பே எடும்மா. இயற்பியல், வேதியியலோட உயிரியல் இருந்தாலே பி.பார்ம். சேரலாம்" என்றேன். விதிப்படி நான் சொன்னது சரி. அவளுக்கு இடமும் கிடைத்தது. சேர்ந்த இரண்டாம் மாதம் தொலைபேசியில் அழுதாள். "சார், இங்க மடக்கை, வகையிடல், தொகையிடல், லாப்லாஸ் உருமாற்றம்னு நடத்துறாங்க. நீங்கதானே சார் கணக்கு வேணாம்னு சொன்னீங்க? படிப்பை நிறுத்திடலாம்னு இருக்கேன்."

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படிக்காதவர்களுக்கு பி.பார்ம். முதல் பருவத்திலேயே அடிப்படைக் கணிதத்தை ஈடுசெய்யும் தனிப்பாடம் உண்டு. எட்டாம் பருவத்தில் எல்லோருக்கும் உயிரிப் புள்ளியியல் உண்டு. சேர்வதற்கு எது போதும் என்று பார்த்த நான், சேர்ந்த பிறகு எது வேண்டும் என்று பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளை வீட்டுக்கு வரச் சொன்னேன். புத்தகத்தைத் திறக்கவில்லை. அவள் அப்பா உப்புநீரில் மிதக்கவிட்டு டிகிரி பார்க்கும் கண்ணாடிக் கருவியைப் பற்றிக் கேட்டேன். பாடநூலில் நாம் திரவமானி என்று சொல்வது அதுதான். கடல்நீர் சுமார் 3 டிகிரி காட்டும். வெயிலில் வற்றி 25 டிகிரியை எட்டும்போது உப்பு படியத் தொடங்கும். 30-ஐ நெருங்கவிட்டால் மக்னீசியம் உப்புகள் கலந்து கசப்பேறும் என்பதால் அந்த நீரை வெளியேற்றிவிடுவார்கள். எல்லாமே அவளுக்குத் தெரிந்திருந்தது. "இதுக்குப் பேருதாம்மா செறிவு. உங்க அப்பா தினமும் பார்க்கிற கணக்கு" என்றேன்.

அங்கிருந்து மருந்துக்கு வந்தோம். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. மருத்துவமனையில் ஏற்றும் சாதாரண சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அதாவது 0.9 சதவீதம். இரத்தத்தின் சவ்வூடுபரவல் அழுத்தத்தோடு பொருந்துவதால்தான் இந்த 9. உப்பு கூடினால் சிவப்பணுக்களிலிருந்து நீர் வெளியேறி அவை சுருங்கும். உப்பே இல்லாத நீரை ஏற்றினால் அவை வீங்கி வெடிக்கும். ஒரே உப்புதான். அது உயிர் காக்குமா, கெடுக்குமா என்பதை அளவுதான் முடிவு செய்கிறது.

அடுத்து, வீட்டில் நடக்கும் ஒரு கணக்கு. காய்ச்சலுக்கான பாராசிட்டமால், குழந்தையின் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று வைத்தால், 8 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 120 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருந்தால், 5 மில்லி கொடுக்கலாம். ஆனால் சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். அதில் 1.2 மில்லிதான் கொடுக்க வேண்டும். பழக்கத்தில் அதையும் 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம், நான்கு மடங்குக்கு மேல். அம்மாவிடம் புட்டியைக் கொடுக்கும் மருந்தாளுநர்தான் இந்தத் தவறைத் தடுக்கக்கூடிய கடைசி ஆள்.

"அது ஆறாம் வகுப்பு விகிதக் கணக்குதானே, உயர்கணிதம் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். 'ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை' என்று மருந்துச் சீட்டில் எழுதுகிறார்களே, அந்த ஆறு எங்கிருந்து வந்தது? அரை ஆயுட்காலம் 6 மணி நேரமுள்ள ஒரு மருந்து உடலில் 400 மில்லிகிராம் இருந்தால், 6 மணி நேரம் கழித்து 200, அடுத்த 6 மணியில் 100, பிறகு 50. நாம் பத்தாம் வகுப்பில் நடத்தும் பெருக்குத் தொடர்வரிசைதான் இது. 30 மில்லிகிராமாகக் குறைய எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால் மடக்கை வேண்டும். மருந்து வெளியேறும் வேகம் அந்தந்த நேரத்தில் உள்ள அளவைப் பொறுத்தது என்று எழுதினால், அதுவே வகைக்கெழுச் சமன்பாடு. சிறுநீரகம் பழுதடைந்தவருக்குப் பல மருந்துகளின் அரை ஆயுட்காலம் நீளும். வழக்கமான அளவையே கொடுத்தால் மருந்து உடலில் தேங்கி நஞ்சாகும். இதைப் புரிந்துகொள்ளக் கணிதமும் உயிரியலும் சேர்ந்து வேண்டும்.

வேதியியலுக்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. 2025-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஓர் இருமல் மருந்தால் இறந்தார்கள். அது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்தான். அந்த நஞ்சு நிறமற்றது, குழகுழப்பானது, இனிப்பானது. மருந்தில் சேர்க்கும் கிளிசரினைப் போலவே இருக்கும். கண்ணும் நாக்கும் ஏமாந்துவிடும். வேதியியல் ஆய்வுதான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

"எல்லாவற்றையும் கணினி போட்டுவிடும்" என்றும் சிலர் சொல்கிறார்கள். போடும். தசமப் புள்ளியை இடம் மாற்றிப் பதிந்தால் அதற்கும் விடை தரும். "இந்த விடை நம்பும்படி இல்லையே" என்று சந்தேகப்படுவதற்குக் கணிதம் தெரிந்த ஒரு மனிதர் வேண்டும்.

நண்பர்களே, நான் கேட்பது மூன்றுதான். கணக்குக்குப் பயந்து ஓடும் வழியாக எந்த குரூப்பையும் பரிந்துரைக்காதீர்கள். அறிவியல் பிரிவு எடுக்கும் பிள்ளைகளிடம், கணக்கு பின்னால் வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விகிதமும் சதவீதமும் நடத்தும் நாளில் மருந்து அட்டை ஒன்றையும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றையும் வகுப்புக்குக் கொண்டு செல்லுங்கள். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை 200 மில்லி தம்ளரில் கரைத்தால் எத்தனை மடங்கு செறிவாகும் என்று கேளுங்கள். ஐந்து மடங்கு என்று சொல்லும் பிள்ளை, வீட்டில் தம்பிக்கு அதைச் சரியாகக் கரைத்துக் கொடுக்கும்.

அந்த மாணவி படிப்பை நிறுத்தவில்லை. கணிதத்தில் இரண்டாம் முயற்சியில் தேறினாள். இப்போது இறுதியாண்டு. போன மாதம் வந்தபோது சொன்னாள்: "இப்பல்லாம் குழந்தைக்கு மருந்துன்னு யாராவது கேட்டா, எடை எவ்வளவுன்னுதான் சார் முதல்ல கேக்கத் தோணுது."

அவளிடம் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியதை, உங்கள் மாணவர்களிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள்.