ஒவ்வாமைப் பரிசோதனை முடிவு உணர்த்தும் பொருள்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி. காலையில் எழுந்தவுடன் அடுக்கடுக்காகத் தும்மல்; கையிலும் காலிலும் அவ்வப்போது அரிப்பு. நகரத்துப் பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் எடுக்கிறார்கள். நான்கு பக்க அறிக்கை வருகிறது. அதில் 60 பொருள்களின் பெயர்கள். 14 பெயர்கள் சிவப்பு எழுத்தில். பால், கோதுமை, துவரை, நிலக்கடலை, எள், கத்தரிக்காய், இறால் என்று பட்டியல் நீள்கிறது. அன்று மாலையே பால் நிறுத்தப்படுகிறது. மறுநாள் பருப்பு நிற்கிறது. வாரம் முடிவதற்குள் எள்ளுருண்டையும், வந்தவாசி, திண்டிவனம் பக்கங்களில் மல்லாட்டை என வழங்கும் நிலக்கடலையும் வீட்டைவிட்டுப் போகின்றன. புலாலும் முட்டையும் புழங்காத வீட்டில் பாலும் பருப்பும் போனபின் அக்குழந்தையின் தட்டில் எஞ்சுவது வெறுஞ்சோறும் புளிச்சாறுமே. மூன்று மாதத்தில் எடை குறைகிறது. தும்மல் மட்டும் குறையவில்லை.

இவ்வாறு நிகழ்வதற்குக் காரணம் பரிசோதனையின் பிழையன்று. அது சொன்னது ஒன்று. குடும்பத்தார் படித்துக்கொண்டது வேறொன்று.

'அலர்ஜி' என்ற சொல்லை 1906ஆம் ஆண்டில் வியன்னா நகர மருத்துவர் கிளமன்ஸ் வான் பிர்க்கே உருவாக்கினார். அதற்கு அடிப்படையான இரத்தப் புரதம் 1966, 1967ஆம் ஆண்டுகளில்தான் அறியப்பட்டது. அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதியர் இஷிசாகா இருவரும், சுவீடனில் யோஹான்சன், பென்னிச் இருவரும் தனித்தனியே அதனைக் கண்டறிந்தனர். அதற்கு 'ஐஜிஇ' என்று பெயர். தூசு, மகரந்தம், உணவு ஆகியவற்றில் உள்ள ஏதேனும் ஒரு புரதத்தை உடல் ஒருமுறை அடையாளம் கண்டு வைத்துக்கொண்டால், அதற்கென்றே ஒருவகை ஐஜிஇ உண்டாகிறது. பரிசோதனை அளப்பது இந்த அடையாளத்தை மட்டுமே. அடையாளம் கண்டுகொண்ட உடல், அப்பொருளோடு பகைகொண்டே தீரும் என்பதில்லை. அறிமுகம் வேறு, பகை வேறு. பாலுக்குரிய ஐஜிஇ இரத்தத்தில் இருக்க, நாள்தோறும் பால் அருந்தி நலமாக வாழ்வோர் பலர்.

ஆகவே உணவைப் பொறுத்தவரை, தோல் பரிசோதனையில் 'உண்டு' என்று வந்தோரில் பாதிக்கும் குறைவானோரே அவ்வுணவால் உண்மையில் துன்புறுவர் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. 'இல்லை' என்று வந்தால் அம்முடிவைப் பெரிதும் நம்பலாம். பத்தில் ஒன்பதுக்கு மேல் அது சரியாகவே இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வை அறியாமல் அறிக்கையைப் பிரிப்பது ஆபத்து.

இனி எண்களைப் பற்றி. இரத்தப் பரிசோதனையில் லிட்டருக்கு 0.35 கிலோ அலகு என்பது நெடுங்காலமாக வழங்கும் எல்லை. அதற்கு மேற்பட்டவற்றை முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என ஆறாம் வகுப்புவரை பிரிப்பார்கள். 100க்கு மேல் ஆறாம் வகுப்பு. எண் உயர உயர உண்மையான ஒவ்வாமை இருப்பதற்கான வாய்ப்பு உயரும். ஆனால் ஒவ்வாமை எவ்வளவு கடுமையாக வெளிப்படும் என்பதை அவ்வெண் கூறாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாயசத்து முந்திரியைத் தின்ற அரைமணி நேரத்தில் உதடு வீங்கி, உடலெங்கும் தடித்து, மூச்சுத் திணறிய பிள்ளைக்கு அறிக்கையில் முந்திரி 'முதல் வகுப்பு' என்று வந்தால், 'ஒன்றுதானே' என்று எவரும் ஆறுதல் கொள்ளலாகாது. அப்பிள்ளைக்கு முந்திரியும் அதன் நெருங்கிய உறவான பிஸ்தாவும் விலக்கப்பட வேண்டியவையே. மீண்டும் அவ்வாறு நேர்ந்தால் தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் ஊசி போடப்பட வேண்டும். அரிப்பு மாத்திரை அதற்கு ஈடாகாது. இந்த முன்னேற்பாட்டை மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

தோல் பரிசோதனை எளிமையானது. முன்கையில் துளித்துளியாகச் சாறுகளை வைத்து, ஒவ்வொன்றின் வழியாகவும் மேல்தோலில் மெல்லக் குத்துவார்கள். 15 முதல் 20 நிமிடத்தில் எழும் தடிப்பை அளப்பார்கள். உப்புநீர்த் துளி எழும்பாதிருக்க வேண்டும். ஹிஸ்டமின் துளி எழும்பியாக வேண்டும். உப்புநீர்த் துளியைவிட 3 மில்லிமீட்டரேனும் மிகுந்த தடிப்பே கணக்கில் சேரும். செட்டிரிசின் போன்ற மாத்திரையை விழுங்கிவிட்டுச் சென்றால் எதுவுமே எழும்பாது. எத்தனை நாள் முன்னதாக அதை நிறுத்துவது என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். 'மொத்த ஐஜிஇ' என்ற எண்ணைக் கண்டு அஞ்சுவோர் மற்றொன்றையும் அறிய வேண்டும்: வயிற்றுப் புழு இருந்தாலும் அது உயரும்.

முன்பு கூறிய குடும்பத்தில் பாட்டியின் கலக்கம் தனிக்கதை. 'இறாலா? பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு யார் எதைக் கொடுத்தார்கள்?' என்று அவர் உண்ணாமல் அமர்ந்துவிட்டார். யாரும் எதுவும் கொடுத்திருக்க வேண்டியதில்லை. இறாலின் தசையில் உள்ள டிரோப்போமயோசின் என்னும் புரதம், மெத்தையிலும் தலையணையிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சியிலும், கரப்பான்பூச்சியிலும் ஏறத்தாழ அதே வடிவில் உள்ளது. தூசிக்கு எதிராக எழுந்த ஐஜிஇ இறாலையும் தனக்குத் தெரிந்தவர்போல் பற்றிக்கொள்கிறது. சமய நெறியால் இறாலைத் தொடாத வைதீக யூதர்களிடம் இதே நிலையைக் கண்டு 2003ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் வெளியிட்டிருக்கின்றனர். சைவ உணவினர் வீட்டில் அறிக்கையில் இறால் என்று வந்தால் அது பெரும்பாலும் தூசியைச் சுட்டும் விரல். அச்சிறுமியின் காலைத் தும்மலுக்குக் காரணமும் அங்கேதான் இருந்திருக்கக்கூடும். அதைத் தேடாமல் பருப்பை நிறுத்தினார்கள். மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமாக நெய்த உறை, ஈரத்துணியால் துடைத்தல், அறையில் ஈரம் தங்காமை ஆகியன உதவும். பொழுது சாயுமுன் உண்டு சமையலறையைத் துடைத்து மூடும் இல்லங்களில் இரவில் திரியும் கரப்பான்பூச்சிக்கு இரை கிடைப்பது அரிது. உயிருக்கு ஊறு செய்யாமலே அதை விலக்கிவைக்கும் வழி அது.

பருப்புகளிலும் இத்தகைய உறவுக் குழப்பம் உண்டு. நிலக்கடலை, துவரை, கொண்டைக்கடலை, மசூர் யாவும் ஒரே குடும்பம். ஒன்றுக்கு உண்மையான ஒவ்வாமை உள்ளவருக்குப் பிறவும் அறிக்கையில் சிவப்பாக வரக்கூடும்; ஆனால் உண்டு துன்புறுவது பெரும்பாலும் ஒன்றிரண்டினால்தான். ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராயாமல் பருப்பு என்னும் இனத்தையே விலக்குவது மரக்கறி உணவினர்க்குப் பேரிழப்பு.

கடைகளிலும் இணையத்திலும் 'உணவு ஒவ்வாமைத் தொகுப்பு' என்ற பெயரில் விற்கப்படும் ஐஜிஜி பரிசோதனை முற்றிலும் வேறு. அடிக்கடி உண்ணும் உணவுக்கு ஐஜிஜி இருப்பது இயல்பு. அது உண்டதன் தடயமே அன்றி நோயின் தடயமன்று. ஐரோப்பிய ஒவ்வாமையியல் கழகம் 2008ஆம் ஆண்டிலேயே இவ்வகையான ஐஜிஜி4 பரிசோதனையை நோயறியப் பயன்படுத்தலாகாது என்று அறிவித்துவிட்டது. பால் அருந்தினால் வயிறு உப்புவோர்க்குப் பெரும்பாலும் பால் சர்க்கரை செரியாமையே காரணம்; அது ஒவ்வாமையன்று, எந்த ஐஜிஇ பரிசோதனையிலும் தெரியாது.

எனவே அறிக்கையைக் கையில் வாங்கியதும் ஒவ்வொரு சிவப்பு வரிக்கும் எதிரே ஒரு கேள்வி எழுத வேண்டும்: இதைக் கடந்த வாரம் குழந்தை உண்டதா? உண்டு, ஒன்றும் நேராதிருந்தால் அந்த வரி உணவை நிறுத்தக் காரணமாகாது. நேர்ந்திருந்தால், எவ்வளவு உண்டது, எத்தனை நிமிடத்தில் நேர்ந்தது, என்ன நேர்ந்தது, மறுமுறை உண்டபோதும் நேர்ந்ததா என்று குறித்துக்கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஐஜிஇ வழிப்பட்ட ஒவ்வாமை பெரும்பாலும் இரண்டு மணி நேரத்திற்குள் வெளிப்பட்டுவிடும். இந்தக் குறிப்பே முதன்மையான சான்று. பரிசோதனை அதற்குத் துணைச் சான்று.

தேவையின்றி விலக்குவதால் கேடில்லை என்று எண்ணுவோரும் உளர். இலண்டனில் நடந்து 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், கடும் தோல் அழற்சியோ முட்டை ஒவ்வாமையோ கொண்ட 640 கைக்குழந்தைகளில் ஒரு பாதியினர்க்கு நிலக்கடலை உணவு தொடர்ந்து கொடுக்கப்பட்டது, மறுபாதியினர்க்கு விலக்கப்பட்டது. ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை கொடுத்தவர்களிடம் மிகக் குறைவாகவும் விலக்கியவர்களிடம் மிகுதியாகவும் காணப்பட்டது. தோல் அழற்சியுள்ள குழந்தைக்குத் தாங்கி வந்த பாலை நெடுநாள் நிறுத்திப் பின் கொடுக்கையில், முன்பில்லாத கடும் ஒவ்வாமை தோன்றிய நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

ஐயம் தீராதபோது இறுதிச் சோதனை உண்டு பார்த்தலே. அதை வீட்டில் செய்யலாகாது. அட்ரினலின் தயாராக உள்ள மருத்துவமனையில், மருத்துவர் கண்காணிக்க, ஐயத்திற்குரிய உணவைச் சிறுதுளியிலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக் கொடுப்பார்கள். பின்னும் சில மணி நேரம் இருத்திவைத்துப் பார்ப்பார்கள். குழந்தை தேறிவிட்டால் அவ்வுணவு அன்றோடு நின்றுவிடாமல் வாரத்தில் சில நாளேனும் தட்டில் இடம்பெற வேண்டும்.