தவறுக்குள் இருக்கும் காரணம்

குழந்தையின் சிந்தனை எந்தப் படியில் நிற்கிறது என்பதை எதைக் கொண்டு அறிவது? அது தவறும் விதத்தையும் அந்தத் தவறுக்கு அது சொல்லும் காரணத்தையும் கொண்டே அறிய முடியும் என்பது என் துணிபு. 1920ஐ ஒட்டிப் பாரிசில் அறிவுத்திறன் தேர்வுகளைத் தரப்படுத்தும் பணியில் இருந்த ழான் பியாஜே, ஒத்த வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரி தவறுவதைக் கண்டார். மதிப்பெண் தாளில் சுழியாகிப்போகும் அந்த விடைகளையே அவர் ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டார். பிறகு தம் மூன்று குழந்தைகளையும் பிறந்தது முதல் வீட்டிலேயே கவனித்துக் குறிப்பெடுத்தார்.

நான்கு வயதுப் பிள்ளை போனில் ஆச்சி கேட்கும் கேள்விக்குத் தலையாட்டிப் பதில் சொல்லும். ஒரே தோசையை நான்காகப் பிய்த்து வைத்தால், நிறையக் கிடைத்துவிட்டதென்று மகிழும். நடக்கும்போது நிலாவும் கூடவே வருகிறது என்னும். இதையே சுவிட்சர்லாந்துப் பிள்ளைகளும் சொன்னதைப் பியாஜே பதிந்திருக்கிறார். மழலை என்று ரசித்துவிட்டு இவற்றைக் கடந்துவிடுகிறோம். ரசிக்கலாம், ஆனால் மூன்றிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. தனக்குத் தெரிவதே உலகுக்கும் தெரிகிறது, கண்ணில் படும் ஒரு கூறே முழுமையையும் தீர்மானிக்கிறது என்ற ஒழுங்கு அது. ஏழெட்டு வயதில் அதே பிள்ளை, “பிச்சதுதானே, சேத்து வச்சா அதே தோசைதான்” என்று சொல்லும்போது விடை மட்டும் மாறவில்லை. செய்ததை மனத்துக்குள் திருப்பிப் பார்க்கும் ஆற்றல் வந்திருக்கிறது. அந்த ஒரு வாக்கியம் பத்துச் சரியான விடைகளைவிடப் பெரிய சான்று.

சிந்தனை வயதுக்கேற்பப் படிப்படியாக மாறுகிறது என்ற பியாஜேயின் படிநிலைக் கொள்கையே தகர்ந்துவிட்டது என்பாரும் உண்டு. அவர்கள் காட்டும் சான்றுகள் வலுவானவை. 1974இல் மக்காரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் நடத்திய சோதனையில், அடுக்கி வைத்த பொருள்களின் வரிசையைப் பெரியவர் வேண்டுமென்றே கலைத்தபோது நான்கு முதல் ஆறு வயதினரில் மிகச் சிலரே எண்ணிக்கை மாறவில்லை என்றனர். குறும்புக் கரடிப் பொம்மை கலைத்தபோது பாதிக்கு மேற்பட்டோர் சரியாகச் சொன்னார்கள். கண்ணுக்கு மறைந்த பொருளும் தொடர்ந்து இருப்பதை ஐந்து மாதக் குழந்தையும் எதிர்பார்க்கிறது என்று 1985இல் பயார்ஜோனும் உடனாய்ந்தோரும் காட்டினார்கள். வயதுக் கோடுகள் இதனால் உடைந்தன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கரடிச் சோதனை என் வாதத்துக்கே துணை நிற்கிறது. பெரியவர் கலைத்துவிட்டு மறுபடி கேட்டால், விடையை மாற்றச் சொல்கிறார் போலும் என்று பிள்ளை எண்ண இடமிருக்கிறது. தனக்குப் பொருள்படும் சூழலில்தான் அது தன் சிந்தனையால் பேசும். அந்தச் சூழல் வீட்டிலும் தெருவிலும் இயல்பாகவே கிடைக்கிறது.

அன்றாடக் கவனிப்பு கட்டுப்பாடற்றது, ஆளுக்கொரு பொருள் சொல்லலாம் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. கண்ணைப் பொத்திக்கொண்டு ஒளியும் குழந்தையைப் பார்த்து, தன் உடல் தெரிவதைக்கூட அது அறியாது என்றே பலர் முடிவுகட்டினர். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் குழந்தைகளிடமே கேட்டு 2012இல் வெளியிட்டது வேறு: உடல் தெரியும் என்கிறார்கள், ஆனால் கண்ணோடு கண் பாராதவரை ‘தான்’ தெரியவில்லை என்கிறார்கள். பார்த்தது போதாது, கேட்கவும் வேண்டும். சூழலைச் சற்று மாற்றி மீண்டும் கேட்க வேண்டும். எண்ணிக்கையில் ஒரு படி ஏறிய பிள்ளை எடையில் ஏறாமல் இருக்கலாம் என்பதால், ஒரு விடையை வைத்துப் பிள்ளைமேல் முத்திரை குத்துவது ஆசிரியர் செய்யக்கூடிய பெரும் அநீதி. இங்கே கட்டுரை படிக்கவிருப்போர் வயதையும் விடையையும் தருவதோடு நில்லாமல், பிள்ளை சொன்ன காரணத்தை அதன் பேச்சிலேயே அவைமுன் வைக்குமாறு வேண்டி, முதல் அமர்வைத் தொடங்க அழைக்கிறேன்.